முதுமை எய்திய மேசைக் கணினியில் சேமிப்பகமும் நினைவகமும்: ஒட்டன்சத்திரம் கமிஷன் மண்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டிலிருந்து முருங்கையும் தக்காளியும் கத்தரியும் கேரளத்துக்கு லாரி ஏறும் வேளையில், கமிஷன் மண்டியின் கல்லாவுக்கு அருகே இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு பில்லுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் சரக்கு கொண்டுவந்த விவசாயி, வாங்கிய வியாபாரி, வண்டியை எடுக்க வேண்டிய டிரைவர் எல்லோரும் அதன் முகத்தையே பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அரை நிமிடம் எங்கிருந்து வருகிறது, எதை மாற்றினால் போகும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் கணினி ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தது. ஏறக்குறைய 2009 முதல் 2014 வரை உள்ளூர்க் கடைகளில் அசெம்பிள் செய்து விற்கப்பட்டது. இன்டெல் ஜி41 அல்லது எச்61 சிப்செட் கொண்ட மதர்போர்டு, 2 அல்லது 4 ஜி.பி. ரேம், 320 அல்லது 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். இத்தகைய கணினி இன்னும் ஏன் கல்லாவில் இருக்கிறது என்ற கேள்விக்குக் கஞ்சத்தனம் என்பது எளிய விடை; ஆனால் சரியான விடை அன்று. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கான பேரலல் போர்ட்டும், எடை இயந்திரத்துக்கான சீரியல் போர்ட்டும் இவற்றின் முதுகிலோ மதர்போர்டிலோ இருக்கின்றன. இன்று கடையில் வாங்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அவை இல்லை. இன்னொரு காரணமும் இருக்கலாம் என்பது என் கருத்து. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது இரும்புக் கடையும் ஜவுளிக் கடையும் கணக்கு மென்பொருளை மாற்ற ஓடின. பச்சைக் காய்கறிக்கு வரி இல்லை. விளைபொருளை விற்றுத் தரும் கமிஷன் ஏஜென்ட் சேவைக்கும் விலக்கு உண்டு. மற்றக் கடைகளுக்கு வந்த அந்த நெருக்கடி மண்டிக்கு வரவில்லை.

ஹார்ட் டிஸ்க், ரேம் என்ற இரண்டைத் தவிர பிராசசர், கிராபிக்ஸ் ஆகியவை பற்றி இங்கே பேசப்போவதில்லை. பில் போடும் கணினியில் அவை பெரும்பாலும் சும்மாதான் இருக்கின்றன.

2. காத்திருப்பு எங்கே நிகழ்கிறது

2.1 சுழலும் தட்டின் கணக்கு

ஐ.பி.எம். 1956இல் வெளியிட்ட ராமாக் கணினியின் டிஸ்க், 50 தட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளை வைத்திருந்தது. கொள்ளளவு அதன்பின் பல லட்சம் மடங்கு பெருகிவிட்டது. ஆனால் அடிப்படைச் செயல்முறை மாறவில்லை. தலை நகர வேண்டும், தட்டு சுழன்று வர வேண்டும். மேசைக் கணினியின் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கிறது, நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி நொடி. வேண்டிய தகவல் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 4.17 மில்லி நொடி. தலை சரியான தடத்துக்கு நகர 8 அல்லது 9 மில்லி நொடி. கூட்டினால் ஒரு தேடலுக்குச் சுமார் 13 மில்லி நொடி. நொடிக்கு 80 தேடல்கூட முழுதாக இல்லை.

ஒரே பெரிய கோப்பை நீளமாகப் படிக்கும்போது இந்தக் குறை தெரியாது. அதே டிஸ்க் அப்போது நொடிக்கு 100 எம்.பி.க்கு மேல் தரும். விண்டோஸ் துவங்குவதும் கணக்கு மென்பொருள் திறப்பதும் அப்படிப்பட்ட வேலைகள் அல்ல. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளையும் துண்டுகளையும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கேட்கின்றன. துண்டுக்கு 4 கே.பி. என்று வைத்தால், நொடிக்கு 80 தேடலில் வந்து சேர்வது 320 கே.பி. மட்டுமே. மார்க்கெட்டில் ஒரே ஒரு லோடுமேனை வைத்துக்கொண்டு மூலைக்கொரு மூட்டையாகக் கிடக்கும் சரக்கை ஏற்றுவது போன்றது இது. அவர் எவ்வளவு பலசாலி என்பது இங்கே உதவாது, நடை குறைய வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாகப் போடும், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி.யில் அந்த நடையே இல்லை. தோஷிபாவில் பணியாற்றிய புஜியோ மசுவோகாவின் குழு 1987இல் அறிவித்த நாண்ட் ஃபிளாஷ் என்ற சில்லுதான் அதன் உள்ளே இருப்பது. எந்த மூலையில் இருந்தாலும் தகவலை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி நொடி. வரிசையாக ஒவ்வொன்றாகக் கேட்டால்கூட நொடிக்குச் சில ஆயிரம் துண்டுகள் வரும்.

2.2 போர்ட்டின் வேகம் பற்றிய பொய்யச்சம்

எச்61 போர்டில் இருக்கும் சாட்டா போர்ட் நொடிக்கு 3 ஜிகாபிட் வகை; நடைமுறையில் 300 எம்.பி.க்கு உட்பட்டது. இன்றைய 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.கள் 6 ஜிகாபிட் போர்ட்டுக்கானவை, 500 எம்.பி. தாண்டிப் படிக்கக்கூடியவை. ஆகவே பழைய போர்டில் போட்டால் பாதிப் பணம் வீண் என்று சர்வீஸ் கடைகளில் சொல்லக் கேட்கலாம். இது அளவை தவறிய வாதம். பில் போடும் வேலையில் சிறு துண்டுகளாகக் கேட்கும்போது எஸ்.எஸ்.டி. தருவது நொடிக்கு 20 முதல் 30 எம்.பி.தான். அது 300க்கு வெகு கீழே இருக்கிறது. போர்ட் ஒரு தடையாகத் தெரிவது பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது மட்டுமே. மண்டியில் யார் அதைச் செய்கிறார்கள்?

ஜி41 போர்டுகளின் பழைய தென்பாலச் சில்லில் (சவுத்பிரிட்ஜ்) டிஸ்க்கோடு பேசும் புதிய முறையான ஏ.எச்.சி.ஐ. கிடையாது, பழைய ஐ.டி.இ. முறையில்தான் ஓடும். அங்கும் எஸ்.எஸ்.டி. ஓடுகிறது, வேற்றுமை கண்ணுக்குத் தெரியும்படியே ஓடுகிறது. விரலளவு எம்.2 என்.வி.எம்.இ. டிஸ்க்கை மட்டும் இந்தத் தலைமுறைக்கு வாங்கக் கூடாது. அதற்கான இடமும் இல்லை, அதிலிருந்து துவங்க பயாஸுக்கும் தெரியாது.

3. நினைவகம்

3.1 பற்றாக்குறை எப்படி வெளிப்படுகிறது

கணினி மந்தமானால் முதலில் கிடைக்கும் யோசனை, “ரேமு ஒண்ணு எச்சாப் போட்டா சரியாப் போயிரும்ணே” என்பது. பாதி உண்மை. ரேம் நிறைந்ததும் விண்டோஸ் அதில் உள்ளவற்றை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளுகிறது. தேவைப்படும்போது திரும்ப இழுக்கிறது. ஒவ்வோர் இழுப்பும் ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பழைய 13 மில்லி நொடி. ஆக, ரேம் பற்றாக்குறை என்பது பயனருக்கு டிஸ்க்கின் மந்தமாகவே காட்சி தருகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

பிரித்தறிய வழி உண்டு. விண்டோஸ் 7 முதலே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரிப் பக்கத்தைத் திறந்து, ஹார்ட் ஃபால்ட் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். வழக்கமான வேலை எல்லாம் திறந்திருக்கையில் அது தொடர்ந்து நூற்றுக்கணக்கில் நின்றால் ரேம் போதவில்லை. பூஜ்யத்தை ஒட்டியே கிடந்து, டிஸ்க் மட்டும் 100இல் நின்றால் ரேமில் பணம் போடுவது வீண்.

டிஸ்க்குக்கும் ரேமுக்கும் இடையே உள்ள உறவு சமமானது அன்று என்பதே இந்த ஆய்வின் மையக் கருத்து. எஸ்.எஸ்.டி. போட்டால் ரேம் பற்றாக்குறையின் வலி குறைகிறது, ஏனெனில் பேஜ் ஃபைலும் விரைந்துவிடுகிறது. ரேம் கூட்டினாலோ, காலையில் கணினியைப் போட்டு விண்டோஸ் வரும் வரை காத்திருக்கும் நேரம் குறைவதில்லை. ரேம் அப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது. 4 ஜி.பி. உள்ள மண்டிக் கணினிக்கு ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது டிஸ்க்குக்கே போக வேண்டும். 2 ஜி.பி.யில் விண்டோஸ் 10ஐ ஓட்டுகிறவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக வேண்டும்.

3.2 பொருந்துதல், பொருந்தாமை

ஐ.பி.எம். ஆய்வாளர் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற ஒற்றை டிரான்சிஸ்டர் நினைவறைதான் இன்றைய ரேமுக்கும் அடிப்படை. தலைமுறைகள் மட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 கால்கள். ஆனால் மின்னழுத்தம் முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5. நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. டி.டி.ஆர்.4க்கு 288 கால்கள், 1.2 வோல்ட்.

வெட்டு சரியாக இருந்தும் ஓடாத ரேம் உண்டு. கடையில் மிகுதியான சண்டை வருவது இங்கேதான். ஜி41 சிப்செட் 8 ஜி.பி. வரை ஏற்கும் என்று கையேடு சொல்லும். ஆனால் அது அறிந்தது 2 ஜிகாபிட் சில்லுகள் வரைதான். ஒரு 4 ஜி.பி. ரேமில் இருபுறமும் எட்டெட்டாகப் பதினாறு சில்லுகள் இருந்தால் ஓடும். பின்னால் வந்த, ஒரே புறத்தில் எட்டுச் சில்லுகள் உள்ள 4 ஜி.பி. ரேமைச் செருகினால் பீப் ஒலியோடு கறுப்புத் திரைதான். ரேமைக் கையில் வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்துச் சில்லை எண்ணினாலே தெரிந்துவிடும் விஷயம். மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் வாங்கும் சில டி.டி.ஆர்.3 ரேம்கள் ஏ.எம்.டி. போர்டில் மட்டுமே ஓடுபவை. விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் அது இருக்கும்.

எச்61இல் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 8 ஜி.பி., மொத்தம் 16. மண்டிக்கு நான்கும் நான்கும் எட்டு போதும். ஒரே எட்டைவிட இரண்டு நான்கு மேல், இரு வழியிலும் தகவல் போகும். விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால் இத்தனையும் பயனற்றது. 4 ஜி.பி.க்கு மேல் அதற்குத் தெரியாது, அதிலும் கிராபிக்ஸ் முதலியவற்றுக்குப் போக மூன்றேகால் அல்லது மூன்றரைதான் மிஞ்சும். கணக்கு மென்பொருளான டேலி பிரைம் 64 பிட் விண்டோஸையே கேட்பதால், 2009இல் வந்த டேலி இ.ஆர்.பி. 9ஐ விட்டு மாறுகிறவர்கள் எப்படியும் இந்த வாசலைக் கடந்தாக வேண்டும்.

விலை நிலவரம் பற்றி ஒரு சொல். 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்ட் டிஸ்க் விலை இங்கேயும் ஏறியது. 2025இன் இறுதியில் ஏறியது ரேம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை வாரிக்கொள்ள, சில்லறை வாடிக்கையாளருக்கான குரூஷியல் வணிகத்தை விட்டு வெளியேறுவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. பழைய கணினியிலிருந்து கழற்றிய டி.டி.ஆர்.3 ரேமுக்குச் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இருக்கும் மதிப்பை இனி ஏளனமாகப் பார்க்க முடியாது.

4. மாற்றும் முறை

மார்க்கெட் விடுமுறை நாளில் செய்ய வேண்டிய வேலை இது. முதலில் பழைய டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் டிஸ்க் தன் நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில், பழுதான செக்டர்களைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இல்லையென்றால், அப்படியே குளோன் செய்யும் யோசனையை விட்டுவிட்டுக் கணக்குத் தரவை மட்டும் முதலில் வெளியே எடுக்க வேண்டும். சாகும் டிஸ்க்கை முழுக்கப் படிக்க வைப்பது அதன் சாவை விரைவுபடுத்தும்.

டிஸ்க் நலமாக இருந்தாலும் நான் புதிதாக விண்டோஸ் நிறுவுவதையே பரிந்துரைப்பேன். எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்க்குகளில் முதல் பகுதி 63ஆம் செக்டரில் தொடங்கும்; எஸ்.எஸ்.டி.யின் உள் அமைப்போடு அது இசையாது. விண்டோஸ் 7 முதல் 2048இல் தொடங்குவதால் சிக்கல் இல்லை. கணக்கு மென்பொருளின் உரிமம் வன்பொருளோடு பிணைந்திருக்கும் என்பதால், டிஸ்க்கைக் கழற்றும் முன் உரிமத்தைச் சரண்டர் செய்து வைப்பது நல்லது. பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான்.

கேபினட்டைத் திறந்தால் பழனி மலைத்தொடரின் வடக்குச் சமவெளிப் புழுதி முழுவதும் உள்ளே இருக்கும். மண்டியென்றால் அதோடு வெங்காயச் சருகும். பிராசசர் ஃபேனின் இதழ்களை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், சுழல விடக்கூடாது. ரேமின் பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிப்பான் கொண்டு மெல்லத் துடைத்து, இரு ஓரக் கிளிப்புகளும் ‘டக்’கென்று விழும் வரை அழுத்த வேண்டும். “ரேம் போச்சு” என்று தீர்ப்பு வாங்கிய கணினிகளில் சில இவ்வளவிலேயே எழுந்துவிடும். கேபினட் திறந்திருக்கும்போதே சி.ஆர்.2032 பேட்டரியையும் மாற்றிவிடலாம். அது தீர்ந்தால் தேதி பின்னோக்கி ஓடி, பில்லில் தவறான நாள் விழும்.

எஸ்.எஸ்.டி. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை. கிங்ஸ்டன் ஏ400 என்ற மலிவு வகையின் 240 ஜி.பி. மாதிரிக்கு நிறுவனம் தரும் எழுத்து வரம்பு 80 டி.பி.; நாளுக்கு 10 ஜி.பி. எழுதினால் 8000 நாள். திடீர் மின்வெட்டுக்கு அஞ்சுவது நியாயம். இந்த விலை எஸ்.எஸ்.டி.களில் மின்சாரம் போகும் கணத்தைத் தாங்கும் கெப்பாசிட்டர்கள் இல்லை. யு.பி.எஸ். பேட்டரி உப்பிப்போய்ப் பெயருக்கு நிற்கிறதென்றால் அதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5. மேம்பாடு தொடாத எல்லை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறையையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது, 16 ஜி.பி. ரேமும் புத்தம்புது எஸ்.எஸ்.டி.யும் போட்டாலும் எச்61 அந்தப் பட்டியலில் வராது. இணைய வங்கிக் கணக்கையும் இதே கணினியில் திறக்கும் மண்டிக்கு இது அலட்சியப்படுத்தும் விஷயமன்று. பில் போடும் பழைய கணினியை இணைய இணைப்பின்றி வைத்து, வங்கி வேலையை வேறு கருவிக்கு மாற்றுவது ஒரு வழி. அதற்கு முதலாளி சம்மதிக்கவில்லையென்றால் மேம்பாட்டுச் செலவே தேவையற்றது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

6. கழற்றிய டிஸ்க்

நலமாக உள்ள பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி. உறையில் போட்டால் அதுவே பேக்கப். பேக்கப்புக்கு எஸ்.எஸ்.டி.யைவிட இந்த டிஸ்க்கே ஏற்றது. மின்சாரமின்றிப் பீரோவில் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யில் மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுத்து வரம்பை முடித்த சாதாரண எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் தரநிலை. ஒட்டன்சத்திரத்துக் கோடையில் பீரோவுக்குள் 30 டிகிரி என்பது ஆசைதான். காந்தத் தட்டுக்கு அந்தக் கசிவு இல்லை.

பழுதான டிஸ்க்கை அப்படியே காயலான் கடைக்குப் போடக் கூடாது. ஒவ்வொரு விவசாயிக்கும் எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்ற விவரம் முழுவதும் அதில் இருக்கிறது. ஃபார்மட் செய்தாலும் மீட்கலாம். ஓடுகிற டிஸ்க் என்றால் முழுக்க ஒரு முறை மேலெழுதினால் போதும். ஓடாததென்றால் மூடியைக் கழற்றித் தட்டுகளைச் சிதைத்த பிறகே மின்கழிவு சேகரிப்பவரிடம் தரலாம். பேக்கப் டிஸ்க்கோ மண்டியில் இருக்கக் கூடாது. தீயோ திருட்டோ கல்லாவையும் பீரோவையும் பிரித்துப் பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை எடுத்துவந்து நகலெடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.