அரியாலையும் உப்பாற்றின் வாயிலும்

யாழ்ப்பாண நகரின் கிழக்கெல்லையிலே, கண்டி வீதியின் இருமருங்கும் பரந்து, தெற்கே கடனீரேரியைத் தொட்டு நிற்கும் ஊர் அரியாலை. நல்லூரைப் போன்று அரசிருக்கையாக விளங்கிய சிறப்போ, ஊர்காவற்றுறையைப் போன்று துறைமுகப் பெருமையோ அதற்கில்லை. அதனாற்போலும், வரலாற்று நூல்களில் இவ்வூர் பெரிதும் பேசப்படுவதில்லை. எனினும், குடாநாட்டு மக்களின் வாழ்வை நிர்ணயித்து வந்த நீரை நடுவாக வைத்து நோக்குமிடத்து, அரியாலை ஓர் ஓரத்து ஊரன்று. வாயிலில் நிற்கும் ஊர் என்பது புலனாகும்.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. மாரியிற் பெய்யும் மழையைச் சுண்ணக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்ள, அதனையே கிணறுகள் வழியாக மக்கள் பெற்றுக்கொள்கின்றனர். நிலத்தின் கீழ் இந்நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து கொண்டிருப்பது. உவர்நீர் சற்றே அடர்த்தி கூடியது. ஆதலால் நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நிற்குமாயின், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்திற்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. இக்கணக்கின் மறுபக்கமே அச்சந்தருவது. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உழைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்கு வந்தபின் அந்த எல்லை அகன்றது. கிணறுகள் உவர்ப்பதற்குக் கடலை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது.

இந்நிலையில் உள்நாட்டுக் கடனீரேரிகளின் முக்கியத்துவம் மனங்கொள்ளத்தக்கது. வலிகாமத்திற்குக் கிழக்கே கிடக்கும் உப்பாறு, அரியாலைக்கும் நாவற்குழிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வாயிலூடாக யாழ்ப்பாணக் கடனீரேரியுடன் கலக்கின்றது. வடமராட்சிக் கடனீரேரி தொண்டைமானாற்றிலே கடலைச் சேர்கின்றது. மாரியில் நிரம்பும் மழைநீர் இவ்விரு வாயில்களாலும் வீணே வெளியேறுகின்றது; கோடையில் அதே வாயில்களால் உவர்நீர் உள்ளே புகுகின்றது. வாயிலை அடைத்தால் இரண்டும் நிற்கும் என்ற எளிய உண்மை நீண்டகாலமாகப் பேசப்பட்டு வந்தது. அதனை ஒரு முழுத் திட்டமாக வகுத்து 1954 ஆம் ஆண்டிலே முன்வைத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று அத்திட்டம் பெயர்பெற்றது. வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியிலே தேக்கி, முள்ளியானிற் கால்வாய் வெட்டி, வடமராட்சிக் கடனீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் செலுத்துவது அதன் நோக்கம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அமைந்த உவர்நீர்த் தடுப்பணைகளே அவ்வாற்றின் இரு கதவுகள்.

கதவுகள் 1950களிலே அமைந்தன. ஆறுதான் வரவில்லை. முள்ளியான் கால்வாய் வேலை 1960களில் அரைகுறையாக நின்றது. அணைகளோ பேணுவாரின்றிப் பழுதடைந்து, உவர்நீர் கசிய இடங்கொடுத்தன. பிற்காலத்தில் அவற்றிற்குத் திருத்தவேலைகள் நடைபெற்றன. அணையொன்றைக் கட்டுவதற்குக் கிடைக்கும் பணமும் ஆர்வமும் அதன் பலகைகளை ஆண்டுதோறும் மாற்றுவதற்குக் கிடைப்பதில்லை என்பதற்கு அரியாலை நல்லதோர் எடுத்துக்காட்டு.

நீருக்கு வாயிலான இவ்விடமே பாதைக்கும் வாயிலாயிற்று. 1902 ஆம் ஆண்டு காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியபோது இருப்புப்பாதை அரியாலையூடாகவே சென்றது. 1905 இல் அது கொழும்புப் பாதையுடன் இணைந்தது. அதற்கு முன் வன்னிக்குச் செல்வோர் பலர் அயலிலுள்ள கொழும்புத்துறையில் தோணியேறிப் பூநகரிக்குக் கடந்தனர். இருப்புப்பாதை வந்தபின் துறைகள் மெல்ல ஓய்ந்தன. 1990 இல் புகையிரதம் நின்று, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை மீண்டும் ஓடியது. இதற்கிடையில் தண்டவாளங்கள் இருந்த சுவடும் மறைந்து, வளர்ந்த பிள்ளைகளுக்குப் புங்கன்குளம் நிலையம் வெறும் பெயராயிற்று.

ஓய்வுக்கும் உலாவுக்கும் உரிய இடங்களும் இப்பக்கத்தில் இல்லாமலில்லை. ஊரின் மேற்கே சுண்டுக்குளியிலுள்ள பழைய பூங்கா, 1829 முதல் 1867 வரை வடபகுதியை ஆண்ட அரசாங்க அதிபர் டைக் அமைத்தது. அதன் மரநிழல் அதிகாரிக்காக உண்டானது. பொதுமக்களுக்கு உரியதானது பின்னரே. ஊரவர் தாமே உண்டாக்கிய பொழுதுபோக்கோ வேறுவகை. அரியாலை சுதேசியத் திருநாட் கொண்டாட்டச் சபை சித்திரைப் புத்தாண்டையொட்டி நடத்தும் விளையாட்டுக்களும் கலைநிகழ்ச்சிகளும் பல தலைமுறைகளைக் கண்டவை. ‘சுதேசியம்’ என்ற அச்சொல் எக்காலத்து உணர்விலிருந்து வந்தது என்பதை விளக்கவேண்டியதில்லை. இன்று செம்மணி வெளியிலே மாரிக்குப்பின் வந்திறங்கும் பூநாரைகளைக் காணவும் பலர் வருகின்றனர். அப்பறவைகளுக்கு வேண்டியது உவரும் நன்னீரும் கலந்த ஆழமற்ற நீர். ஆகவே, வாயிலை அடைத்து முழுவதையும் நன்னீராக்கின் தோட்டக்காரருக்கு வரும் நன்மை, பறவைகளுக்கும் இறால் பிடிப்போருக்கும் நன்மையாக அமையும் என்று எவரும் உறுதிகூறிவிட முடியாது. ஆறுமுகம் திட்டத்தை ஏத்திப் பேசுவோர் இதனைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இவ்வாயிலூடாகவே தென்மராட்சிக்கு வெளியேறினர். சில மைல் தூரத்தை மழையில் நனைந்தபடி இரவு முழுதும் நடந்தனர். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அரியாலைப் பகுதியே போர்முனையாயிற்று. ஊரின் கிழக்கே வீடுகளும் தென்னைகளும் அழிந்தன. மக்கள் திரும்புவதற்குப் பல ஆண்டுகள் சென்றன.

செம்மணியின் பெயர் இன்று உலகெங்கும் வேறொரு காரணத்தால் அறியப்படுகின்றது. 1998 ஆம் ஆண்டு, கொலைக்குற்றத்திற்குத் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர், நூற்றுக்கணக்கான உடல்கள் அங்கே புதைக்கப்பட்டன என்று நீதிமன்றிற் கூறினார். 1999 இல் நடைபெற்ற அகழ்விலே பதினைந்து உடல்களின் எச்சங்கள் வெளிப்பட்டன. பின் கால்நூற்றாண்டு அமைதி நிலவியது. 2025 பெப்ரவரியிலே, அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் எரிகொட்டகைக்காக நிலத்தைத் தோண்டியோர் எலும்புகளைக் கண்டனர். நீதிமன்ற மேற்பார்வையில் அதே ஆண்டு நடந்த அகழ்வுகளிலே இருநூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் குழந்தைகளுடையனவும் இருந்தன. ஓரிடத்திலே பள்ளிப்பை ஒன்றும் கிடந்தது. எஞ்சிய பகுதியைத் தோண்டும் வேலை ஆண்டின் இறுதியிலே நின்றது. மாரி மழை பெய்து, தாழ்ந்த அந்நிலத்திலே நீர் தேங்கியமையே காரணம்.