அதிபர் மாறினால் கல்லூரி மாறுமா?
ஸாஹிராவின் தலைமை மாற்றங்கள் தரும் பாடம்

"புது அதிபர் வந்திட்டாராம், இனி எல்லாம் மாறும்." எங்கட ஊர்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள், சிலர் பயத்தோடு சொல்வார்கள். இரண்டு சாராருமே ஒன்றை ஒத்துக்கொள்கிறார்கள்: பாடசாலை என்பது அதிபர்தான், அவர் போனால் அதன் கொள்கையும் போய்விடும். இது சரிதானா என்று பார்ப்பதற்கு எங்கட சரித்திரத்திலேயே நல்லதோர் உதாரணம் இருக்கிறது. அது மருதானை ஸாஹிராக் கல்லூரி.

1892ஆம் ஆண்டு அது ஆரம்பிக்கப்பட்டபோது முஸ்லிம்களின் நிலை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தது. பிள்ளைகளை அங்கே அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பெற்றார் அஞ்சினர். அனுப்பாவிட்டால் சமூகம் பின்தங்கும். இந்த இக்கட்டிலிருந்து வெளியேற வழி தேடியவர் அறிஞர் எம்.ஸி. சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி இதற்காகவே எழுதி வந்தார். எகிப்திலிருந்து 1883இல் இங்கு நாடுகடத்தப்பட்டு வந்த அறாபி பாஷா அவருக்கு ஊக்கமாக நின்றார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் தோள்கொடுத்தார். மார்க்கத்தை விடாமல் நவீன கல்வி என்பதே அவர்கள் வைத்த அத்திவாரம்.

ஆனால் சித்திலெப்பை 1898இல் மௌத்தானார். அறாபி பாஷா 1901இல் தாயகம் திரும்பினார். பிறகு ஏறத்தாழ இருபது வருடங்கள் கல்லூரி தட்டுத்தடுமாறித்தான் நடந்தது. கொள்கையில் பிழை இருக்கவில்லை. அந்தக் கொள்கை இரண்டு மூன்று பெரியவர்களின் உள்ளத்தில் இருந்ததே தவிர, கல்லூரியின் அன்றாட நடைமுறையில் இன்னும் ஊறவில்லை. முதலாவது தலைமை மாற்றம் சொல்லும் பாடம் இதுதான்.

1921இல் ரி.பி. ஜாயா அதிபரானார். அதற்கு முன் ஆனந்தாக் கல்லூரியில் படிப்பித்தவர். பௌத்த சமூகம் தன் கல்லூரியை எப்படிக் கட்டியெழுப்புகிறது என்பதைப் பக்கத்தில் இருந்தே கண்டிருந்தார். 25 வருடங்களுக்கு மேல் ஸாஹிராவை நடத்திய அவர், நலிந்து கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளில் ஒன்றாக்கினார். அதைவிட முக்கியமான வேலை ஒன்றையும் செய்தார். கம்பளை, மாத்தளை, அளுத்கம, புத்தளம், கொம்பனித்தெரு ஆகிய இடங்களில் ஸாஹிராவின் கிளைகளை நிறுவினார். கொழும்புக்கு வரமுடியாத பிள்ளையைத் தேடிக் கல்லூரியே ஊருக்குப் போனது. ஒரு கொள்கையைப் பல இடங்களில் நட்டுவைத்தால், ஓரிடத்தில் அது வாடினாலும் இன்னோரிடத்தில் தளிர்க்கும்.

1947இல் ஜாயா பாராளுமன்றம் சென்று தொழில், சமூக சேவை அமைச்சரானார். அடுத்த வருடம் அவருடைய இடத்துக்கு வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். சிவில் சேவை என்றால் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய பதவி! அதை உதறிவிட்டு ஒரு பாடசாலை அதிபராக வருவதற்கு மனத்துணிவு வேண்டும். யுத்தகாலத்தில் கல்முனையில் கடமையாற்றியபோது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கல்வி வறுமையை நேரிற் கண்டவர் அவர். 1945இலேயே முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் உருவாக அவரே முன்னின்றார். கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாமல் படிப்பை நிறுத்தக்கூடாது என்பது அதன் நோக்கம்.

ஜாயாவும் அஸீஸும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். ஆனாலும் அஸீஸ் பழைய அத்திவாரத்தை இடிக்கவில்லை. அதன்மேல் இன்னொரு மாடி கட்டினார். ஸாஹிரா வெறும் பரீட்சைக் கூடமாக இல்லாமல் முஸ்லிம் சிந்தனைக்கே ஒளிதரும் மையமாக வேண்டும் என்று எண்ணினார். கதவையும் அகலத் திறந்து வைத்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பி ஸாஹிராவில் படித்தவர் என்பது இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. முஸ்லிம் கல்லூரி என்றால் முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அன்று யாரும் பொருள் கொள்ளவில்லை.

அடுத்த மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. விரும்பாத பெரிய பாடசாலைகள் கட்டணம் அறவிடாமல் தனித்து இயங்கலாம் என்றார்கள். வருமானம் இல்லாமல் எப்படி இயங்குவது? இதில் ஒரு விசேஷம் பாருங்கள். அப்போதைய கல்வி அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். ஜாயா நிறுவிய கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்தவர். கிளைக் கல்லூரியில் தலைமை பழகியவரே நாட்டின் பாடசாலைகளுக்கெல்லாம் தலைமை தாங்கி, பொறுப்பேற்பை நடைமுறைப்படுத்தினார். 1961இல் அஸீஸும் அதிபர் பதவியை விட்டு விலகினார்.

பொறுப்பேற்பு நல்லதா கெட்டதா என்று இன்னும் வாதிடலாம். கிராமப்புற முஸ்லிம் பாடசாலைக்கு ஆசிரியரும் சம்பளமும் அரசாங்கத்தால்தான் உறுதியாயின. அதேநேரம் தன் பாடசாலை என்று சமூகம் கொண்டிருந்த பொறுப்புணர்ச்சி தளர்ந்தது. கட்டிடம் உடைந்தால் அரசாங்கம் பார்க்கட்டும், அதிபர் பிழைவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளர் பார்க்கட்டும் என்று நாங்கள் கைகட்டி நிற்கப் பழகிவிட்டோம்.

இலவசக் கல்வியின் கதையையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1945இல் அதைக் கொண்டுவந்த ஸி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1947 தேர்தலில் தோற்றுப்போனார். ஈ.ஏ. நுகவெல கல்வி அமைச்சரானார். பிறகும் எத்தனையோ அமைச்சர்கள் வந்து போனார்கள். இலவசக் கல்வி மட்டும் நிற்கிறது. ஏனென்றால் அது ஒருவருடைய விருப்பமாக இருந்த நிலையைத் தாண்டி நாட்டின் உரிமையாகிவிட்டது. எந்த அமைச்சரும் அதில் கைவைக்கத் துணியாதபடி பெற்றார் காவல் நிற்கிறார்கள்.

இன்று ஒரு அதிபர் இடமாற்றம் பெற்றுப் போகும்போது தளபாடக் கணக்கை ஒப்படைக்கிறார், சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் கையொப்பமிடுகிறார். இந்தப் பாடசாலை எதற்காகத் தொடங்கப்பட்டது, எந்தப் பிள்ளைக்காகத் தொடங்கப்பட்டது என்பதை யார் யாரிடம் ஒப்படைக்கிறார்கள்? அதிபர் பதவிக்கு எங்கட ஆளா, அவங்கட ஆளா என்று கட்சி பிரிந்து நிற்கிற அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். நோக்கத்தை எழுதிவைத்து, வறிய பிள்ளைக்கென ஒரு நிதியத்தை நிரந்தரமாக்கி, வருகிற அதிபர் யாராக இருந்தாலும் அதைக் கையில் கொடுத்து வரவேற்கிற ஊரில், அதிபர் மாற்றத்தைக் கண்டு யாரும் பயப்படத் தேவையில்லை.