பஞ்சு விளைந்த மண்ணும் எண்ணெய் சுரந்த மண்ணும்

இயற்கை வளம் மிகுந்த நாடுகள் ஏன் வறுமையில் உழல்கின்றன என்னும் வினாவுக்கு விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தின் பழைய கதையை முதலில் புரட்டிவிட்டு நைஜீரியாவுக்குச் செல்வோம்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அங்கிருந்து பஞ்சு வருவது நின்றது. அக்காலத்தில் இவ்வட்டாரம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தது. 'திருநெல்வேலிப் பஞ்சு' என்ற பெயரால் கரிசல் பருத்தி பொதி பொதியாகத் தூத்துக்குடியில் கப்பலேறிற்று. விலை ஏறிற்று, 1865இல் போர் முடிந்ததும் சரிந்தது. ஏற்றத்துக்கும் சரிவுக்கும் கரிசல் குடியானவர் காரணமல்லர். பஞ்சாகப் போனது துணியாகத் திரும்பி வந்தது. இடைப்பட்ட கூலியும் இலாபமும் அக்கரையிலேயே தங்கிவிட்டன. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்தோரின் வழிவந்த நம் வாசகர்களுக்கு இந்தக் கணக்கை விரித்துரைக்க வேண்டுமா என்ன!

1927இல் விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை வந்தது. 1936இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விளைந்த மண்ணிலேயே பஞ்சு நூலாயிற்று. நூற்பவரும், இயந்திரம் பழுது பார்ப்பவரும், கணக்கெழுதுபவரும் உள்ளூரிலேயே உருவாயினர். ஆலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டித் தறிகள் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணியை நெய்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரோ பாலை வைத்தே இதைச் செய்தது. சில நாழிகையில் கெட்டுப்போகும் பால், அடுப்பேறிப் பால்கோவாவாகி வெளியூர் சென்றது. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது.

இன்று இவ்வட்டார ஆலைகள் குஜராத் முதலிய வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பஞ்சு வாங்குகின்றன. உள்ளூர்ப் பருத்தி சுருங்கியும் தொழில் நிலைத்தது. கைத்திறன் ஊரில் ஊன்றிவிட்டதே காரணம்.

நைஜீரியாவில் 1956இல் ஒலொய்பிரி என்னும் ஊரில் எண்ணெய் கண்டனர். 1958இல் ஏற்றுமதி தொடங்கிற்று. அரசின் நான்கு சுத்திகரிப்பு ஆலைகளும் பராமரிப்பின்றி நலிந்தன. கச்சா எண்ணெய் கப்பலேறிற்று. பெட்ரோல் கப்பலில் வந்திறங்கிற்று. நம் கரிசல் பஞ்சின் கதையேதான். 1986இல் உலக விலை வீழ்ந்தபோது அந்நாடு தள்ளாடியது. 2023 மே மாதம் பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டதும் விலை மும்மடங்கை நெருங்கியது. எண்ணெய் மீது அமர்ந்திருக்கும் ஏழை, பேருந்துக் கட்டணத்துக்கு அல்லலுற்றான்.

அதே மாதம் லாகோஸ் அருகே டாங்கோட்டே குழுமத்தின் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய் சுத்திகரிக்க வல்லது. 2024 செப்டம்பரில் அது பெட்ரோல் தரத் தொடங்கிற்று. உள்நாட்டு எண்ணெய் போதாமல் அமெரிக்காவிலிருந்தும் கச்சா எண்ணெய் வாங்கிற்று. இதைச் சிலர் எள்ளுகின்றனர். நாம் எள்ளமாட்டோம், இராஜபாளையமும் அயலூர்ப் பஞ்சில்தான் நூற்கிறது. நம் ஐயம் வேறு. இராஜபாளையத்தில் ஓர் ஆலையைக் கண்டு மற்றோர் ஆலை எழுந்தது. லாகோஸ் கடற்கரையில் டாங்கோட்டேக்கு ஈடான இரண்டாவது ஆலை இன்னும் எழவில்லை.