அபூலியாவின் சிலந்திக்கடி

இத்தாலியின் தென்கோடியில் அபூலியா என்னும் நிலப்பகுதி உள்ளது. கோதுமை அறுவடை நிகழும் ஜூன், ஜூலைத் திங்கள்களில் அங்கு வெயில் கொளுத்தும். பண்டு அறுவடைக்குச் சென்ற ஏழைப் பெண்டிர் சிலர் வயலிலேயே சோர்ந்து வீழ்வர். உடல் வியர்க்கும், வயிறு இறுகும், காரணமின்றி அழுவர். 'சிலந்தி தீண்டிவிட்டது' என்பர் ஊரார். தீண்டிய சிலந்தியைக் கண்டவரோ அரியர். தாரந்தோ நகரின் பெயரால் 'தாரந்துலா' என வழங்கிய பெரிய சிலந்தியின்மீதே பழி விழுந்தது.

இதற்கு மருந்தாகக் கொள்ளப்பட்டது இசையே. வயலினும் நமது கஞ்சிராவை ஒத்த தோற்கருவியும் ஏந்திய இசைவாணர் நோயாளியின் இல்லத்திற்கு வருவர். ஒவ்வொரு மெட்டாக வாசித்துப் பார்ப்பர். எந்த மெட்டிற்கு அவள் கைகால் அசைகின்றனவோ அதனையே விடாது வாசிப்பர். அவள் எழுந்து ஆடுவாள்; களைத்து வீழ்வாள்; மீண்டும் ஆடுவாள். இவ்வாட்டம் நாட்கணக்கில் நீள்வதும் உண்டு. வியர்வையோடு நஞ்சும் வெளியேறும் என நம்பினர். இசைவாணர்க்குக் கூலி கொடுத்தே கடன்பட்ட குடும்பங்கள் பல.

அத்தனேசியஸ் கிர்ச்சர் என்னும் அறிஞர் 1641-இல் இம்மெட்டுகளை நூலில் பதிப்பித்தார். அபூலியாவில் வளர்ந்த மருத்துவர் பல்யீவி 1696-இல் இந்நோயை விரித்தெழுதினார். அந்நிலத்தின் கடும் வெப்பமே நஞ்சிற்கு வலிமை தருகிறது என்பது அவர் கருத்து. பெண்டிர் சிலர் நடிக்கின்றனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிற்காலத்தார் பலர் அனைத்தையும் நடிப்பென்றும் மனநோயென்றும் தள்ளினர். அதுவும் அவசர முடிவே. தாரந்துலாவின் கடி பெருந்தீங்கு செய்வதன்று. ஆயின் அதே வயல்களில், உடலில் செம்புள்ளிகள் கொண்ட சிறிய கருஞ்சிலந்தி ஒன்றும் வாழ்கிறது. அதன் கடி முதலில் உணரப்படுவதே அரிது. சற்றுப் பொறுத்தே தசைகள் முறுக்கும், வயிறு கல்லாய் இறுகும், வியர்வை பெருகும், அச்சம் பற்றும். பெரியதைப் பழித்தவர்கள் சிறியதைக் காணத் தவறினர்.

எனினும், கருஞ்சிலந்தியால் விளக்கவொண்ணாத ஒன்றுண்டு. ஒருமுறை கடியுண்டதாகக் கருதப்பட்டவளுக்கு ஆண்டுதோறும் அதே பருவத்தில் நோய் திரும்பியது. நஞ்சு அவ்வாறு நாள் பார்த்து வருமோ? 1959-இல் ஏர்னெஸ்தோ தெ மார்ட்டினோ என்னும் ஆய்வாளர் உளமருத்துவர், இசையறிஞர் ஆகியோருடன் அங்குச் சென்று ஆராய்ந்தார். ஜூன் 29-ஆம் நாள், தூய பவுலின் திருநாளில், நோயுற்ற பெண்டிர் கலத்தீனா நகரின் சிற்றாலயத்தில் கூடுவர். மால்ட்டாத் தீவில் பாம்பு தீண்டியும் பிழைத்தவர் பவுல் என்பதால் அவரே காவலர் எனக் கருதினர். அவர் அருளால் கலத்தீனா மக்களை அந்நஞ்சு அணுகாது என்றும் நம்பினர். விரும்பாத திருமணம், கைகூடாத காதல், ஓயாத வறுமை ஆகிய வாய்விட்டுச் சொல்ல இயலாத துயரங்கள் சிலந்தியின் பெயரால் வெளிப்பட்டன எனத் தெ மார்ட்டினோ கண்டார். 1961-இல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பில் உள்ள இத்தாலியச் சொல், மனவருத்தத்தையும் மீண்டும் கடித்தலையும் ஒருங்கே குறிக்கும்.

கருஞ்சிலந்தி இன்றும் அப்பகுதியில் உண்டு. அதனால் கடியுண்டோர்க்கு வலி தணிக்கும் மருந்தும் தசையிறுக்கம் தளர்த்தும் மருந்தும் அளிக்கப்படுகின்றன. பெரும்பாலோர் சில நாள்களில் நலமடைகின்றனர்.