சேற்றுக்குள் வரால்

திருவனந்தபுரத்தில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர்நாட்டுத் தவளை பனிக்குப் பயந்து குளத்தடியில் முடங்குகிறது. இங்கே குளத்து உயிர்களுக்குக் கெட்ட காலம் கோடை.

1950களில் நகரை அடுத்த வெள்ளாயணிக் காயலில் தண்ணீரை இறைத்துவிட்டு நெல் போட்டார்கள். பாட்டா அங்கே கூலிக்குப் போனவர். வற்றிய சேற்றைத் துழாவி உயிருள்ள வராலை எடுத்த கதையைச் சொல்வார். சின்ன வயதில் நான் நம்பவில்லை. வராலின் தலைக்குள் செவுளுக்கு மேலே ஒரு காற்றறை உண்டு. உடம்பில் ஈரம் இருந்தால் போதும், வாயால் காற்றை இழுத்து நாளை ஓட்டிவிடும். வயல் நத்தை இன்னும் கெட்டி. ஓட்டு வாயை மூடியால் அடைத்துக்கொண்டு மண்ணுக்குள் மாதக்கணக்கில் கிடக்கும்.

இலங்கையின் சேற்று மீன்களைப் பற்றி அங்கே பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் 1861இல் எழுதினார். கொச்சியில் வேலை பார்த்த மருத்துவர் பிரான்சிஸ் டே 1865இல் மலபார் மீன்களுக்குத் தனி நூலே போட்டார். பாட்டாவுக்கு இருவரையும் தெரியாது. கால்விரலுக்கடியில் சேறு வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் வரால், குத்தினால் கெளுத்தி. அவருக்கு அவ்வளவு போதும்.

இறைப்பு நின்று பல வருஷமாகிவிட்டது. காயலில் இப்போது தாமரை பறிக்கிறார்கள்.