ஆவடிக் களிமண்

சென்ற மாசியில் ஒரு விடுமுறை நாளன்று அம்பத்தூரில் மின்ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் பூண்டிக்குப் போனேன். பூண்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் போவது நீர்த்தேக்கத்தைப் பார்க்க. கொசஸ்தலையாற்றை மறித்து 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அது சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சென்னை குடிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி அதிலிருந்து வருவது. அதே ஊரில் மாநிலத் தொல்லியல் துறை 1985இல் அமைத்த அகழ்வைப்பகமும் இருக்கிறது. நானும் உல்லாசப் பயணியாகத்தான் போனேன். ஆராய்ச்சி நோக்கம் எதுவும் கிடையாது.

கண்ணாடிக்குப் பின்னால் கைக்கோடரிகள். குவார்ட்ஸைட் கல். ஒரு முனை கூர், மறுமுனை கையில் பிடிக்க வாகாக. ஒவ்வொரு கல்லின் முன்னும் நான் முதலில் படித்தது சீட்டை. படித்தபின் கல்லின் மேல் ஒரு நோட்டம், சீட்டில் எழுதியிருப்பது கல்லில் இருக்கிறதா என்று. பாங்கில் செக்கின் கையெழுத்தை ஒப்பிடுகிற அதே காரியம். கால்மணி நேரத்தில் பல லட்சம் வருஷங்களைப் பாஸ் செய்து அனுப்பிவிட்டு, ஏரிக்கரையில் போய் வேர்க்கடலை தின்றேன்.

இது பாங்குக்காரனின் தொழில்வியாதி என்றுதான் நினைத்திருந்தேன். அங்கிருந்து அதிக தூரமில்லாத அத்திரம்பாக்கத்தின் கதையைப் பின்னால் படித்தபோது அந்த ஆறுதல் போய்விட்டது.

கதை பல்லாவரத்தில் தொடங்குகிறது. 1863 மே 30இல், ராணுவ மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியை எடுத்தார். வயது இருபத்தெட்டு. அதே வருஷம் செப்டம்பரில் அவரும் சக அதிகாரி வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கம் ஓடையில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். சரளைக் குழி என்றால் ஆட்கள் வெட்டி எடுத்த குழி. அந்தக் கற்களைக் கூடை கூடையாகச் சுமந்தவர்களின் கைகள் ஃபூட்டின் கைக்கு முன்பே அவற்றைத் தொட்டிருக்கும். அவர்களுக்குத் தெரியாதது இவருக்கு எப்படித் தெரிந்தது? பிரான்ஸில் புஷே தெ பெர்த் சோம் ஆற்றுப் படுகையில் கண்டெடுத்த கற்கள் மனிதன் செய்தவைதான் என்று 1859இல் லண்டன் அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஃபூட்டின் மனதில் ஒரு சீட்டு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அதற்கான கல் பல்லாவரத்தில் கிடைத்தது. ஆகவே சீட்டை நான் ஒரேயடியாகப் பழிக்க முடியாது. (ஃபூட்டின் சேகரிப்பைச் சென்னை மியூசியம் 1904இல் வாங்கியது, அவர் 1912இல் இறந்தார், பட்டியல் அதற்குப் பிறகுதான் அச்சாயிற்று.)

இனி மறுபக்கம். அத்திரம்பாக்கத்தில் மேலே சரளையும் வண்டலும். கீழே ஏடு ஏடாகப் பிரிகிற களிமண். புவியியலாளர்கள் இந்த வட்டாரத்தின் ஒரு படிவத்துக்கு ஆவடியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அது கிரெடேஷியஸ் காலத்தது, அதாவது பத்துக் கோடி வருஷங்களுக்கும் முந்தியது. அத்திரம்பாக்கத்துக் களிமண்ணும் அந்த ஆவடிப் படிவமே என்று கொள்ளப்பட்டது. மனிதன் என்ற பிராணியே இல்லாத காலத்து மண்ணில் மனிதன் செய்த கருவி எப்படி இருக்கும்? கிருஷ்ணசுவாமி 1930களில் இந்தப் பிரதேசத்தை ஆராய்ந்தார். 1960களில் மத்தியத் தொல்லியல் துறையின் பானர்ஜி அகழ்ந்தார். சாமானியர்கள் அல்லர். ஆனால் அந்தக் களிமண் கருவிகளற்ற வெற்று மண் என்ற எண்ணம் அசையவில்லை. பெயர் அங்கே ஒரு தரையைப் போட்டுவிட்டது.

ஆவடிக்கு இது பழக்கமானதுதான். 1955 காங்கிரஸ் மாநாட்டின் சோஷலிஸ மாதிரித் தீர்மானத்தால் தேசம் அதை அறிந்தது. பிறகு டாங்கித் தொழிற்சாலையால். கவச வாகனங்கள், வெடிமருந்து இவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்துத்தான் ஊர்ப்பெயரே வந்தது என்று ரயிலில் அடித்துச் சொல்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். ஊர் அதற்கு வெகுகாலம் முந்தியது. விளக்கம் கச்சிதமாக இருப்பதால் யாரும் மேலே கேட்பதில்லை.

1999இல் சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்தில் அகழ்வைத் தொடங்கியது. அவர்கள் அந்தக் களிமண்ணையும் தோண்டினார்கள். ஏறக்குறைய 4 மீட்டர் கனம், அதற்குள்ளே கைக்கோடரிகள். அது கிரெடேஷியஸ் மண்ணே அல்ல, ஆற்று வெள்ளம் படியவைத்த வண்டல் என்று தெரிந்தது. பாறையில் தரைமேல் கிடக்கும் குவார்ட்ஸில் விண்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டை உண்டாக்குகின்றன. கல் புதைந்ததும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. மிஞ்சியிருக்கும் விகிதத்திலிருந்து புதைந்த காலத்தைக் கணக்கிடலாம். 2011இல் வெளியான முடிவு: குறைந்தது 10.7 லட்சம் வருஷம், சராசரியாகச் சுமார் 15 லட்சம். மேலடுக்குகளில் கைக்கோடரி மறைந்து நுட்பமான சில்லுக் கருவிகள் வருவது ஏறத்தாழ 3,85,000 வருஷங்களுக்கு முன் தொடங்கியது என்று 2018இல் அதே குழு எழுதியது.

இந்த எண்களைவிட என்னைத் தொந்தரவு செய்வது அந்தக் களிமண். இலக்கிய விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்வதை நினைத்துக்கொண்டேன். ‘சிற்றிலக்கியங்கள்’ என்று ஒரு படிவத்துக்குப் பெயர் வைத்தாயிற்று. உயிர் இல்லாத அடுக்கு என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. சங்கத்திலிருந்து கம்பன்வரை வந்து, ஒரே தாவலில் பாரதியை அடைகிறோம். நடுவில் சில நூறு வருஷங்கள். அதன் மேலே நின்று நானும் இதே பத்திரிகையில் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன், தோண்டிப் பார்க்காமல்.

பங்குனியில் மறுபடியும் பூண்டிக்குப் போனேன். இந்தத் தடவை சீட்டைப் படிப்பதில்லை என்று தீர்மானம். முதல் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றேன். வெறும் கல்லாகத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் கூட்டமாக வந்து, சீட்டுகளை உரக்கப் படித்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் போனபின் ஒரு கல்லில் மட்டும் விளிம்பு நேராக இல்லாமல் நெளிந்து போவது கண்ணில் பட்டது. ஒரு பக்கம் ஒரு சில்லு, கல்லைத் திருப்பி மறுபக்கம் ஒரு சில்லு, மீண்டும் திருப்பி இன்னொன்று. கூர்முனைக்கு அருகே ஒரு சில்லு தேவைக்கு மேல் பெயர்ந்து குழிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் தட்டவில்லை.