கன்யேத்தேயின் பருத்தியும் பீடைகளின் எதிர்ப்பாற்றலும்: ஒரு வரலாற்று நோக்கு

பயிர்ப் பீடைகள் நாசினிகளுக்கு எதிர்ப்பாற்றல் பெறுவதைப் பூச்சியின் உடலியலோடு மட்டும் தொடர்புறுத்தி விளக்குவது பெருவழக்கு. அவ்விளக்கம் பிழையானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. நாசினியைத் தாங்கும் இயல்புடைய பூச்சிகள் ஒரு கூட்டத்தில் அருகியேனும் காணப்படுவதுண்டு. ஏனையவை மடிய, எஞ்சிய அவை பெருகுகின்றன. இது இயற்கைத் தேர்வு. அத்தேர்வின் வேகத்தைப் பெரிதும் நிர்ணயிப்பது நிலம் பயிரிடப்படும் முறையாகும். பயிர்ச்செய்கை முறையோ உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்து நோக்கத்தக்கதன்று. பெரு நாட்டின் கன்யேத்தேப் பள்ளத்தாக்கின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

லீமா நகருக்குத் தெற்கே, கரையோரப் பாலைநிலத்தின் நடுவே, ஆற்றுநீரால் வளம்பெறும் பள்ளத்தாக்கு கன்யேத்தே. 1920களில் அங்கு கரும்பின் இடத்தைப் பருத்தி பெற்றுக்கொண்டது. ஏறத்தாழ 22,000 ஹெக்டேயர் விளைநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு பருத்திக்கே உரியதாயிற்று. பெருவின் கரையோரப் பள்ளத்தாக்குகளில் ‘ஹசியெந்தா’ எனப்படும் பெருநிலவுடைமை 1969ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தம் வரை மேலோங்கியிருந்தது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. சந்தைக்கான ஒற்றைப்பயிர் உணவுப் பயிர்களை மட்டுமன்றி, பீடைகளை உண்டு வாழ்ந்த உயிர்களின் புகலிடங்களையும் சுருக்கியது.

1940களின் இறுதிவரை ஆசனிக் சேர்வைகளும் நிக்கொட்டீன் சல்பேற்றும் பயன்பட்டன. இயற்கைப் பகையுயிர்களும் பீடைகளை ஓரளவு அடக்கிவைத்தன. இதனிடையே, அறுவடை முடிந்த செடியின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் விளைச்சல் பெறும் மறுதாம்புப் பருத்தி பரவியது. விதைப்புச் செலவைக் குறைத்த இம்முறை, பீடைகளுக்குப் பருவ இடைவெளியின்றி உணவளித்தது. 1949இல் அழுக்கணவனும் மொட்டுப்புழுவும் பெருகின, விளைச்சல் வீழ்ந்தது.

நெருக்கடியின் வேர் பயிர்ச்செய்கை முறையில் இருந்தது. தீர்வோ இரசாயனத்தில் தேடப்பட்டது. டி.டி.ரீ., பி.எச்.சி., தொக்சபீன் ஆகிய புதிய சேதன நாசினிகள் பள்ளத்தாக்கு முழுவதும் தெளிக்கப்பட்டன. விமானத் தெளிப்புக்கு இடையூறென மரங்கள் வெட்டப்பட்டன. ஹெக்டேயருக்கு 494 கிலோகிராமாக இருந்த பருத்தி விளைச்சல் 1954இல் 728 கிலோகிராமாக உயர்ந்தது. இவ்வெற்றியின் ஒளியில் பழைய எச்சரிக்கைகள் மறைந்தன. நாசினி பயனற்றுப்போகும் நிகழ்வை அமெரிக்கப் பூச்சியியலாளர் மெலாண்டர் 1914இலேயே எடுத்துரைத்திருந்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

வீழ்ச்சி படிப்படியாகத் தொடங்கிற்று. 1952இல் பி.எச்.சி. அழுக்கணவனிடம் தோற்றது. 1954இல் தொக்சபீன் இலைப்புழுவை அடக்கத் தவறியது. 1955-56 பருவத்தில் மொட்டுப்புழு டி.டி.ரீ.க்கு மிகுந்த எதிர்ப்பாற்றல் காட்டியது. சேதனப் பொசுபரசு நாசினிகள் அவற்றின் இடத்துக்கு வந்தன. எட்டு முதல் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை நிகழ்ந்த தெளிப்பு மூன்று நாள்களுக்கு ஒருமுறை என்றாயிற்று. இதுவரை தீங்கற்றிருந்த பூச்சிகளும் பீடைகளாயின. 1956இல் விளைச்சல் 332 கிலோகிராமாகச் சரிந்தது. புதிய நாசினிகள் நுழையாத அயற்பள்ளத்தாக்குகளில் அதே பூச்சிகள் பொருட்படுத்தத்தக்க தீங்கெதனையும் விளைவிக்கவில்லை. ஆகவே இதனைப் பூச்சியின் இயல்பென்று மட்டும் கூறி அமைதல் இயலாது.

ஒரே பயிர், இடைவெளியற்ற பயிர்க்காலம், எங்கும் ஒரே வகை நாசினி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வலுப்படுத்தின. நாசினிக்கு ஆட்படும் பூச்சிகள் தப்பி வாழ மூலைமுடுக்கு எதுவும் எஞ்சவில்லை. பாலைநிலம் சூழ்ந்திருந்தமையால் வெளியிலிருந்து அத்தகைய பூச்சிகள் பெருமளவில் வந்து கலத்தலும் அரிதாயிற்று. எனவே எதிர்ப்பாற்றல் பெற்றவை தம்முள்ளேயே பெருகின. அவற்றை உண்ணும் உயிர்களோ முன்னரே அழிந்திருந்தன.

மீட்சியும் நிலத்திலிருந்தே தொடங்கியது. 1956இல் விவசாயிகளின் வேண்டுகோளை ஏற்று வேளாண்மை அமைச்சு ஒழுங்குவிதிகளை அங்கீகரித்தது. மறுதாம்புப் பருத்தியும் வளங்குன்றிய நிலங்களிற் பருத்தி பயிரிடலும் தடைசெய்யப்பட்டன. உழுவதற்கும் விதைப்பதற்கும் காலவரையறை விதிக்கப்பட்டது. சேதன நாசினிகளுக்குச் சிறப்பு அனுமதி வேண்டியதாயிற்று. பழைய ஆசனிக், நிக்கொட்டீன் சேர்வைகள் மீண்டன. நன்மைதரும் பூச்சிகள் வெளியிலிருந்து கொணரப்பட்டன. 1957இல் விளைச்சல் 526 கிலோகிராமாயிற்று. அடுத்துவந்த ஆண்டுகளில் அது 724க்கும் 1,036க்கும் இடையில் நின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? நாசினிக்குப் பூச்சி ஆட்படும் தன்மை ஒருவகைப் பொதுவளம். மேய்ச்சல் நிலத்தையும் குளத்து நீரையும் போன்று, தனியொருவரின் வேலிக்குள் அதனைப் பேண முடியாது. ஒருவர் தம் வயலில் மறுதாம்பை அகற்றினும், அயல்வயலில் அது நிற்குமாயின் பயன் சிறிதே. ஆதலாற்றான் முழுப் பள்ளத்தாக்கையும் கட்டுப்படுத்தும் விதிகள் தேவைப்பட்டன.

எனினும் அவ்விதிகளை மிகைப்படப் போற்றுதலும் பொருந்தாது. பீடையை வளர்த்த முறை மாற்றப்பட்டது. அம்முறையை விரும்பிய நிலவுடைமை அன்று மாறவில்லை. அழிவும் மீட்சியும் பருத்தியின் எடையாலேயே பெரிதும் அளக்கப்பட்டன. மூன்று நாளைக்கொருமுறை நஞ்சு பொழிந்த வயல்களில் நின்று உழைத்தோரின் உடல்நலம் அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. பீடைகளின் எதிர்ப்பாற்றலை ஆராய்வோர் எந்த நாசினி தோற்றது என வினவுவதுடன் நில்லாது, எதைப் பயிரிடுவதென்றும் எப்போது தெளிப்பதென்றும் தீர்மானித்தோர் யாவர் என்பதையும் வினவுதல் வேண்டும்.